பிடிமண்ணில் ஓடிய வண்டி

கரட்டுப்பட்டியில் மாலை நாலு மணிக்கு யாரும் கைகளைச் சும்மா வைத்துக்கொள்வதில்லை. குவாரியில் சங்கு ஊதியதும் பெண்கள் அடுப்படிக்கு ஓடி அலமாரிப் பாத்திரங்களை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வார்கள், ஆண்கள் சாமி படத்தையோ சுவர்க் கடிகாரத்தையோ பிடித்துக்கொள்வார்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையைப் பிடித்துக்கொள்வார், டீக்கடைக் காசிமாயன் கண்ணாடி கிளாஸ்களின் மேல் துண்டைப் போட்டு அதன்மேல் குப்புறக் கவிழ்ந்துகொள்வான். பிறகு ஊருக்கு மேலே நிற்கிற பாறைக் கரடு வெடிக்கும், ஊர் ஒரு குலுங்கு குலுங்கும், கூரையிலிருந்து மண் உதிரும், எல்லோரும் கையை எடுத்துவிட்டு விட்ட வேலையைப் பார்க்கப் போவார்கள். பதினேழு வருடமாக இதே கதை. பாத்திரத்தைப் பிடிக்கிற கையால் வெடிவைக்கிறவன் சட்டையைப் பிடிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையா என்றால், தோன்றியது, எல்லோருக்கும் தினமும் தோன்றியது, ஆனால் தோன்றுகிற நேரத்தில் கை பாத்திரத்தில் இருந்தது.

அந்த நேரத்தில் சவரிராயன் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு ஜெர்மன் மோட்டார் சைக்கிளை. அவன் மனைவி ஞானப்பூ பிடித்துக்கொண்டிருந்தது ஒரு ஊறுகாய் பாட்டிலை.

பாட்டிலில் இருந்தது மண். ஞானப்பூவின் தம்பி லூர்து குவாரியில் பாறைக்கடியில் போன அன்றைக்கு, குழி மூடுமுன் அவள் அள்ளிக்கொண்டு வந்த மண். குவாரி மேனேஜர் சதானந்தம் வெள்ளைச் சட்டையோடு வாசலில் வந்து நின்று, "அப்படி ஒரு பேரே எங்க ரிஜிஸ்டர்ல இல்லீங்களேம்மா" என்று கையைப் பிசைந்தான். ஏழு வருடம் கல் உடைத்தவனுக்குப் பெயர் இல்லை. நசுங்கிப்போன டிபன் பாக்ஸில் ஆணியால் கீறியிருந்த பெயரை அவள் காட்டினாள். "அது டிபன் பாக்ஸுங்க" என்றான் அவன். அன்றிலிருந்து அந்தப் பாட்டில் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது, நாலு மணிக்கு மட்டும் அவள் மடிக்கு வந்தது.

மோட்டார் சைக்கிளின் கதை வேறு. சவரிராயன் நூல் மில்லில் நைட் ஷிப்ட் ஃபிட்டர். இருபத்தைந்து வருடம் இரவிலேயே உழைத்து முடித்ததற்கு மில்லில் ஒரு சுவர்க் கடிகாரம் தருவார்கள், வேண்டாம் என்றால் கிடங்கில் கிடக்கும் பழைய இரும்பில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் காலத்திலோ மில்லுக்கு மிஷின் மாட்ட வந்த ஒரு ஜெர்மன்காரர் ஓட்டிவிட்டு அப்படியே போட்டுப்போன வண்டி, கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்கு அடியில் எலிக்குடும்பங்களோடு கிடந்தது. இவன் அதைக் கேட்டான். கடிகாரம் மிச்சமானது என்று மேஸ்திரி சிரித்தார்.

யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. வண்டியோடு வந்த புத்தகம் ஜெர்மனில் இருந்தது. அவன் படங்களைப் படித்தான். பதினொரு தடவை பிரித்து பதினொரு தடவை மாட்டினான். இரண்டு சிலிண்டரும் இரண்டு பக்கமும் கையை நீட்டியதுபோல் நிற்கிற வண்டி அது. சங்கிலி கிடையாது, எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. கிக்கரைக்கூட முன்பின்னாக உதைக்க முடியாது, பக்கவாட்டில் நின்று உதைக்க வேண்டும். ஜீப்பின் பிஸ்டன் வளையத்தை அரம் போட்டு இதற்குப் பொருத்தினான். சிமெண்டுச் சாக்குக் காகிதத்தில் கேஸ்கட் வெட்டினான். வால்வு இடைவெளியைச் சவர பிளேடு விட்டு அளந்தான். ஒரு திருகு தன் இடத்தில் போய் உட்காரும்போது வருகிற அந்தச் சின்னச் சத்தத்துக்காக அவன் உறக்கத்தைக் கொடுத்தான், சோற்றைக் கொடுத்தான், மூன்று வருடத்தைக் கொடுத்தான். உலகத்தில் எதுவும் சரியாக மாட்டப்படவில்லை என்று எரிச்சலோடு திரிகிறவனுக்கு, சரியாக மாட்டப்பட்ட ஒரே ஒரு பொருள் போதுமாயிருந்தது. ஆனால் வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, டேங்கின் துருவைப் புளிக்கரைசலும் ஜல்லியும் போட்டுக் குலுக்கிக் கழுவி, வண்டியில் திரும்ப மாட்டி, மூடியைத் திறந்துவைத்து வீதியில் வெயிலுக்குக் காட்டியிருந்தான். உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. நாலு மணிக்குக் கரடு வெடித்தது. எதிர்வீட்டுப் பவுனுத்தாயின் சுவர் மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்தது. வீட்டில் ஒற்றையாக இருக்கிறவள் பவுனுத்தாய்; தலைச்சுமையாகக் கீரை விற்றுக் கட்டிய சுவர். அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வீதிக்கு வந்தாள், கரட்டைப் பார்த்து நின்றாள், குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரினாள்.

"என் சொவத்தப் பொளந்தவன் நெஞ்சு பொளக்க! அவன் குவாரி மண்ணாப் போக!"

வாரித் தூற்றினாள். காற்று திரும்பியது. அத்தனை மண்ணும் திறந்திருந்த டேங்கின் வாய்க்குள் விழுந்தது.

"அடி பாவி மகளே, என் கார்புரேட்டர் போச்சேடி!" என்று கத்திய சவரிராயன், வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஆத்திரத்தில் கிக்கரை ஓர் உதை உதைத்தான்.

வண்டி ஸ்டார்ட் ஆனது.

அது ஓடிய அழகை என்ன சொல்ல. இரண்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் நிதானமாக, அடக்கமாக ஒரு சத்தம். பவுனுத்தாய் தூக்கிய கையோடு நின்றாள். பிறகு கையை இறக்கி மண்ணைத் தட்டினாள். "நெஞ்சுக்குள்ள என்னமோ எறங்கிருச்சுண்ணே" என்றாள். வீட்டுக்குள் போய் பிளந்த சுவரைப் பார்த்தாள். நல்ல வெளிச்சம் வருகிறது என்று சொல்லிக்கொண்டு, அந்த விரிசலின் அடியில் இரண்டு பீர்க்கம் விதையை ஊன்றினாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஷிப்ட் முடிந்து வந்த சவரிராயன், காதுமடலில் பஞ்சோடு அப்படியே ஏறி அணைக்கட்டுவரை போனான். இருபத்தெட்டு வருடமாக உலகம் எழுந்திருக்கும்போது தூங்கப் போனவன் அவன். விடிந்த சாலை எப்படியிருக்கும் என்பதே மறந்திருந்தது. இரண்டு பக்கமும் சிலிண்டர்கள் அவன் பாதங்களுக்குச் சூடு கொடுத்தன. காதுப் பஞ்சு காற்றில் பறந்தது. புளியமரங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. மில் இரைச்சல் குடியிருந்த மண்டைக்குள் முதல்முறையாக ஓர் இடம் காலியானது. பவுனுத்தாயின் இரண்டு பிடி மண்ணில் அணைக்குப் போய்த் திரும்ப முடிந்தது. திரும்பியபோது டேங்க் சுத்தமாக இருந்தது.

ஊர் இதை அதிசயமாகப் பேசவில்லை. ஊர் இதை வசதியாகப் பேசியது. காசிமாயன் கடையில் விவாதம் நடந்தது, கோபத்தோடு வாரிய மண்ணுக்குத்தான் வண்டி ஓடுகிறது, சும்மா அள்ளிப்போட்ட மண்ணுக்கு இருமுகிறது என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். நான்காம் நாளிலிருந்து சவரிராயன் வீட்டு வாசலில் ஆள் நின்றது. காலையில் பெண்கள், மாலையில் ஆண்கள் என்று ஒழுங்கு வந்தது. டேங்க் வாயில் அவன் ஒரு டீ வடிகட்டியை மாட்டினான். "கல்லு இல்லாமச் சலிச்சுக் கொண்டாங்க, கண்ணீரு விட்டுக் கொழைக்காதீங்க, ஈர மண்ணு ஆகாது" என்று சொல்லவேண்டியிருந்தது. மாமியார்மேல் கோபம், மருமகள்மேல் கோபம், நீரே வராத குழாய்மேல் கோபம், நீட்டிய மனுவை வாங்கி விசிறிக்கொண்ட அதிகாரிமேல் கோபம், எல்லாவற்றுக்கும் அடியில் படிந்த பாறையாக அந்த நாலு மணி வெடிமேல் கோபம். மருமகள்களின் மண்ணுக்கு வண்டி மேடு ஏறியது. வாத்தியாரின் மண்ணுக்கு விட்டுவிட்டு ஓடியது. பொறாமையில் வாரிய மண் புகைந்தது. கடவுள்மேல் வந்த கோபம் எஞ்சினைத் தட்டியது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும், இது இன்னார் வீட்டு மண் என்று தொடைகளுக்கிடையில் நடுங்குகிற நடுக்கத்தில் சவரிராயன் சொல்லிவிடுவான்.

பங்குச் சாமியார், பூசை நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் ஓட்டாதே என்று கேட்டுக்கொண்டார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் பெட்ரோல் என்று இருக்கிறதே, மண் என்று மாற்றவேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தார். பிறகு தன் மேலதிகாரியை நினைத்து ஒரு பிடி வாரிப் போட்டுவிட்டு விசில் அடித்துக்கொண்டு போனார்.

ஊர் குளிர்ந்தது. குழாயடியில் குடங்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டன. நாலு மணிச் சங்குக்கு யாரும் ஓடவில்லை. பாத்திரங்கள் விழுந்தன, விழுந்த சத்தம் இனிமையாக இருப்பதாகச் சொன்னார்கள். சதானந்தம் சும்மா இருப்பானா? வண்டிக்கு இரண்டு புது டயரும் மெத்தென்ற சீட்டும் கொடுத்தனுப்பினான். பேருந்து நிறுத்தத்தில் அவன் கைகூப்பி நிற்கும் பிளெக்ஸ் முளைத்தது: 'கோபமில்லாக் கரட்டுப்பட்டி.' அதில் வண்டியும் இருந்தது, வண்டிமேல் சவரிராயனும் இருந்தான். அவன் ஷிப்டுக்குப் போகும்போது அதன் எதிரில் ஒரு நிமிடம் நின்று, முன் சக்கரம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனான். மானங்கெட்ட சந்தோஷம் என்று ஒன்று உண்டு. அது இதுதான்.

வண்டியில் மண் போடாத ஒரே ஆள் ஞானப்பூ. நாலு மணிக்கு ஊரே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஐப்பசியில் ஒரு கல் பறந்து வந்து டீக்கடைக் கூரையைத் துளைத்துக் காசிமாயனின் தோள்பட்டை எலும்பை முறித்தது. விசாரிக்க வந்த குவாரி ஆளிடம் காசிமாயன் சிரித்த முகத்தோடு, "கல்லுக்கு ஒண்ணும் அடிபடலையே தம்பி?" என்று கேட்டான். ஞானப்பூ அதைக் காதால் கேட்டாள். வீட்டுக்கு வந்து புருஷனின் தட்டில் சோற்றை வைத்தாள்.

"ஒரு மனுசன் எலும்பு முறிஞ்சு கெடக்கான், கல்லுக்கு அடிபட்டுச்சானு கேக்குறான். நீங்க வண்டிக்கு டேப்பட்டு சரி பண்றீங்க."

"அவன் நிம்மதியாத்தான இருக்கான், பிள்ள."

"பொணமுந்தான் நிம்மதியா இருக்கு."

கார்த்திகை பிறந்ததும் நோட்டீஸ் வந்தது. குவாரி கிழக்கே நகரப் போகிறது. கிழக்கே என்றால் அவர்கள் தெரு, தெருவுக்கு அப்பால் கல்லறைத் தோட்டம், தோட்டத்தின் மூலையில் லூர்து. வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஊராட்சித் திடலில் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள்; ஆட்சேபம் இல்லாதவர்கள் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைக்கலாம். நோட்டீஸைப் படித்த ஊர், நல்ல அச்சு, எழுத்துப் பெரிதாக இருக்கிறது என்றது.

அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலை, அணைக்கட்டுச் சாலையில் வண்டி இருமி நின்றது. டேங்க் காலி. சவரிராயன் ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தான். வீடு வீடாகப் போய்க் கேட்டான். எல்லோரும் அன்பாக மண் அள்ளிக் கொடுத்தார்கள், ஒன்றிலும் சூடில்லை. பவுனுத்தாய் சுவர் விரிசலில் காய்த்த பீர்க்கங்காய் இரண்டைக் கையில் கொடுத்து, "கோவமா? என்னத்துக்குண்ணே கோவம்?" என்று கேட்டாள். ஊரின் கோபம் முழுவதையும் அவன் காலைக் காற்றுக்காக எரித்துத் தீர்த்திருந்தான்.

வீட்டுக்கு வந்தான். கண் தன்னால் மாதா படத்துக்குப் போனது. ஞானப்பூ பார்த்துவிட்டாள்.

"கேளுங்க. வாயத் தொறந்து கேளுங்க."

"ஒரு பிடி போதும், பிள்ள. ஒரு தடவை ஓடுனாப் போதும்."

அவள் பாட்டிலை எடுத்தாள். அவன் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"போடுங்க. போட்டுட்டு அணைக்கட்டு வரைக்கும் போய் வாங்க. நாளைக்கு நானும் சிரிச்சுக்கிட்டே போயி, என் தம்பி படுத்துருக்குற எடத்துக்குக் கைநாட்டு வச்சுட்டு வர்றேன். நீங்க வந்து சேர்றதுக்குள்ள எனக்கு அவன் மொகம் மறந்துருக்கும். போடுங்க."

அவன் பாட்டிலோடு வாசலுக்கு வந்தான். வடிகட்டியைக் கழற்றினான். டேங்கின் வாய் திறந்து கிடந்தது, இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா என்று. பாட்டிலின் மூடியில் கை வைத்தவனுக்கு, எல்லோர் மண்ணையும் வாங்கியவன் தன் மண் ஒரு பிடி போட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மச்சான் செத்தபோது அவன் என்ன செய்தான்? பிணத்தைப் புதைத்துவிட்டு வந்து மூன்றாவது தடவையாக கியர் பாக்ஸைப் பிரித்தான். கோபப்பட வேண்டிய ஒவ்வொரு நாளும் அவன் ஒரு திருகைத் தேடிக் கொண்டிருந்தான்.

பாட்டிலைத் திறக்காமல் ஜன்னலில் வைத்தான். திரும்பி வந்து வண்டியை விட்டான் ஓர் உதை. கிக்கரை அல்ல, சைலன்சரை. சைலன்சரின் வாயிலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு கரித்துண்டு தெறித்து விழுந்தது. எடுத்தான். சுட்டது. வண்டி குளிர்ந்து இரண்டு மணி நேரம் ஆகியும் அது சுட்டது, சுட்டதோடு, பவுனுத்தாய் கட்டையாகப் போன குரலில் என் சொவரு என் சொவரு என்று கத்துவது அவன் முழங்கைவரை ஏறியது.

ஃபிட்டருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. எரிகிற எதுவும் முழுசாக எரிவதில்லை. பிஸ்டன் தலையில் கரி கட்டும். இத்தனை மாதமாக அவன் சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டவே இல்லை. ஓடுகிற சுகத்தில், ஒரு கத்துக்குட்டிகூடச் செய்ய மறக்காத வேலையை மறந்திருந்தான்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஊராட்சித் திடலில் பந்தல், நீள மேசை, பச்சைத் துணி, ஒரு கட்டுக் காகிதம், மை டப்பா. அதிகாரி ஒருவர் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஊர் வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. சவரிராயன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததும் சதானந்தம் சால்வையோடு ஓடி வந்தான்.

"வாங்க வாங்க, உங்களுக்குத்தான் முதல் மரியாதை. வண்டிக்கும் ஒரு மாலை சொல்லியிருக்கேன்."

சவரிராயன் சால்வையை வாங்கி மேசைக்கு முன்னால் தரையில் விரித்தான், அதன்மேல் ஸ்பேனர்களை வரிசையாக வைத்தான், சம்மணம் போட்டு உட்கார்ந்து இடப்பக்கத்து ஹெட்டின் முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

"என்னண்ணே, ரிப்பேரா? இங்க வச்சா?"

"ஒதுங்குங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."

இரண்டு ஹெட்டும் வந்தன. பிஸ்டன் தலைகளில் ஒரு விரற்கடைத் தடிமனுக்குக் கரி, அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் ஒரு மாதம். இரும்பு பட்டால் அலுமினியம் கீறிவிடும் என்று மூங்கில் சில்லைச் சீவிக் கொண்டுவந்திருந்தான். அந்த ஆத்திரத்திலும் அவன் கை தன் மரியாதையை விடவில்லை. அவ்வளவு பக்குவமாகச் சுரண்டி ஒரு தட்டில் கொட்டினான். எந்த மண் எந்த மேட்டை ஏறியது என்று தெரிந்தவனுக்கு எந்தக் கரி யாருடையது என்று தெரியாதா? எழுந்து வரிசைக்குப் போனான்.

"பவுனுத்தாயி, கையக் கொடு. இது உன்னுது."

பெருவிரலில் கரியைத் தேய்த்தான். அவள் சிரிப்பு ஒரு கணம் முகத்தில் வழிதெரியாமல் நின்றது. பிறகு தலை மெல்லத் தன் வீட்டுப் பக்கம் திரும்பியது.

"என் சொவரு," என்றாள். "அடப்பாவிகளா. என் சொவத்துல பீர்க்கங்கொடி ஏறிக்கெடக்கு!"

அடுத்தவன் காசிமாயன். கரி பட்டதும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "ஆத்தே, வலிக்குதுய்யா! ஒரு மாசமா வலிச்சிருக்குய்யா எனக்கு!" வாத்தியாருக்கு நாக்கு துடித்தது. மருமகள்கள் முந்தானையை இழுத்துச் சொருகினார்கள். தட்டு வரிசையின் கடைசிவரை போனது. அந்தக் கறுத்த பெருவிரல்களோடு ஊர் மேசையை நெருங்கியது.

"ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா" என்றார் அதிகாரி. "ரேகை வைக்கிறவங்க இங்க வைக்கலாம்."

பவுனுத்தாய் வைத்தாள். பெருவிரல் காகிதத்தைத் துளைத்தது, காகிதக் கட்டைத் துளைத்தது, பச்சைத் துணி புகைந்தது, மேசைப் பலகையில் ரேகை ரேகையாக ஒரு குழி விழுந்தது. அடுத்த விரல். அடுத்த விரல். அதிகாரி அந்தக் காகிதங்களை மடியில் எடுத்துவைக்கப் பார்த்தார், சல்லடை போல் ஓட்டையானதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஆட்சேபம் இருப்பதாகத் தெரிகிறது" என்று முணுமுணுத்தார்.

ஞானப்பூ கரிக்குக் கை நீட்டவில்லை. பாட்டிலை மேசைமேல் வைத்தாள். சதானந்தத்தைப் பார்த்தாள்.

"ரிஜிஸ்டர எடு."

"அம்மா, இது வேற கூட்டம்..."

"எடுய்யா. லூர்துன்னு எழுது. ஏழு வருசம்னு எழுது. எழுதுற வரைக்கும் இங்கேயிருந்து ஒருத்தன் எந்திரிச்சா, இந்த மண்ண நான் சாபம் விட்டுக்கிட்டே தூத்துவேன். இதுல ஒரு பொடி எரியல. அத்தனையும் அப்படியே இருக்கு."

சதானந்தம் சுற்றிலும் பார்த்தான். புகைகிற பெருவிரல்களைப் பார்த்தான். ஜீப்பிலிருந்து ரிஜிஸ்டர் வந்தது. அவன் எழுதினான், லூ என்ற எழுத்து இரண்டு வரிக்கு நீண்டது. ஞானப்பூ குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகுதான் அழுதாள்.

அன்று பிற்பகல் சவரிராயன் வண்டியைக் குவாரிப் பாதையில் ஏற்றினான். ஓட்டவில்லை, தள்ளினான். ஹெட் இல்லாமல் இரண்டு சிலிண்டரும் வெட்டுப்பட்ட கைகளாய் நீட்டிக்கொண்டிருந்தன. பின்னால் ஊர் நடந்தது. பாதை ஒடுங்குகிற இடத்தில், ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் பள்ளம், வண்டியைக் குறுக்கே நிறுத்தி ஸ்டாண்டைப் போட்டான், ஊர் அதைத் தாண்டி மேல்பக்கம் போய் நின்றது. இனி விடிகாலையில் அணைக்கட்டுச் சாலை அவனுக்கு இல்லை, பாதத்துக்குச் சூடு இல்லை, காதுப் பஞ்சைப் பறக்கவிடும் காற்று இல்லை. அதை நினைத்தபோது ஒரு கோபம் எழும்பி வந்தது. அது அவனுடையது, முழுக்க அவனுடையது. அதை அவன் எந்த டேங்கிலும் போடவில்லை.

நாலு மணிக்குச் சங்கு ஊதியது. கீழே ஊரில் பாத்திரங்கள் தனியாக இருந்தன.

அன்றைய வெடிமருந்தை ஏற்றிக்கொண்டு தாமதமாக வந்த லாரி மேட்டில் முக்கிக்கொண்டு ஏறி வந்து வண்டிக்கு முன்னால் நின்றது. டிரைவர் தலையை நீட்டினான். முதலில் அவனுக்கு மோட்டார் சைக்கிள் மட்டும் தெரிந்தது, பிறகு பின்னால் நிற்கிற ஆட்கள், பிறகு அவர்களுடைய கைகள்.

"அண்ணே, வண்டிய எடுங்கண்ணே."

"ஸ்டார்ட் ஆகாதுப்பா."

"ரிப்பேரா?"

சவரிராயன் திறந்து கிடந்த சிலிண்டருக்குள் பார்த்தான். கரி நீங்கிய பிஸ்டன் தலை பளபளவென்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இல்லப்பா," என்றான். "இப்பத்தான் சரியாச்சு."